கதவில் இருந்த பெயர்

குழந்தையைக் குளிப்பாட்டும்போது என் கணவர் குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டுக்கொள்வார். தண்ணீர் வீணாகிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் துண்டோடு உள்ளே போனபோது, அந்தச் சத்தத்துக்கு அடியில் அவர் குரல் கேட்டது.

"கோமளம், காலை ஆட்டாதே."

என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார். துண்டை வாங்கிக் குழந்தையைத் துவட்டத் தொடங்கினார்.

அது அவருடைய அம்மாவின் பெயர். அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. எங்கோ இறந்துபோனதாகப் பல வருடம் கழித்துச் செய்தி மட்டும் வந்ததாம். எங்கள் வாசற்கதவில் நான்கு ஆணித் துளைகளை அடைத்து மேலே பெயின்ட் பூசியிருக்கும். வெயில் சாய்வாக விழும்போது மட்டும் அவை தெரியும். அங்கே இரண்டு பெயர்கள் வெட்டிய பித்தளைப் பலகை இருந்தது. அதை வெட்டியவர் என் கணவரின் அப்பா, மாமாதான். பெயர்ப்பலகை செய்வது அவர் தொழில். கழற்றியதும் அவரே. அதன் பிறகு அந்தப் பெயர் வீட்டுக்குள் வரவில்லை. ஒருமுறை சாப்பிடும்போது என் கணவரின் தங்கை வாய்தவறிச் சொல்லிவிட, மாமா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய் ஒரு மாதம் கடையிலேயே படுத்திருக்கிறார்.

எனக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. கணவர்மேல் வந்த இரக்கமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். முழுக்க அப்படி இல்லை. குளியலறை ஈரத்தில் அது குழந்தையோடு சேர்ந்து பிறந்த பெயர் மாதிரி இருந்தது. வெளியே சொன்னபோதுதான் வேறாகிவிட்டது. நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் நர்ஸ் குழந்தையைப் பார்க்க வந்திருந்தாள். தொட்டிலை எட்டிப் பார்த்து, "கோமளமா? ஏன்டி, பல் செட்டோட பொறந்தாளா?" என்றாள். நானும் சிரித்துவைத்தேன். அவள் போன பின் தொட்டிலருகே உட்கார்ந்து பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒருமுறை அது மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது. மறுமுறை காலை ஆட்டியது.

திங்கட்கிழமை பெயரைப் பதிய வேண்டும். அப்பா முகம் மாறினால் இந்தப் பேச்சே வேண்டாம், வேறு பெயர் வைத்துவிடலாம் என்றார் என் கணவர். இந்த வயதில் அவரைத் திரும்பவும் கடையில் படுக்கவைக்க முடியாது. கேட்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். வீட்டில் கேட்டால் மாமா எழுந்து போய்விடுவார். ஆனால் கடைக்கு வந்த எந்தப் பெயரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

சனிக்கிழமை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள் போனேன். என் கணவர் வெளியே பைக்கை விட்டு இறங்கவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"முதலாளி வந்தாச்சா? கடையே கூட்டலையே இன்னும்," என்று மாமா குழந்தையின் பாதத்தைப் பிடித்தார். அவளை அப்படித்தான் கூப்பிடுவார். தொட்டிலுக்கு ஒரு பலகை வேண்டும் என்றதும், இருப்பதில் நல்ல பித்தளைத் துண்டாகத் தேடி எடுத்துத் துடைத்தார்.

மாமாவின் கடையில் பெயரை எழுதிக் கொடுத்தால் போதாது. வாயால் சொல்ல வேண்டும். அவரும் உரக்கத் திருப்பிச் சொல்லி, வந்தவர் தலையாட்டிய பிறகுதான் எழுத்து வெட்டும் மெஷினின் பொத்தானை அழுத்துவார். காதில் விழாத பெயர் வெறும் கீறல் என்பார்.

"சொல்லும்மா."

"கோமளம்."

துடைத்த பலகையையே அவர் மறுபடி துடைத்தார். மெஷினுக்குள் சின்ன விசிறி ஓடும் சத்தம் கேட்டது. குழந்தை என் தோளை ஈரமாக்கிக்கொண்டிருந்தாள். வேண்டாம் மாமா, வேறு பெயர் இருக்கிறது என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். மாமா எழுந்தார். கொக்கியில் தொங்கிய கடைச் சாவியைத் தொட்டார். கண்ணாடிக் கதவு வழியே பைக்கையும் ஹெல்மெட்டையும் பார்த்தபடி நின்றார்.

"அவன் அனுப்பினானா?"

"இல்ல மாமா, நான்தான் கேக்கறேன்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னேன். "ஆனா குளிப்பாட்டும்போது அவர் இவளை அப்படித்தான் கூப்பிடறார். குழாயைத் தொறந்துவிட்டுக்கிட்டு."

"குழாயைத் தொறந்துவிட்டா?"

நான் தலையாட்டினேன். அவர் சாவியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு பலகையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"நான் அவளை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லம்மா. 'இந்தா'ம்பேன். இல்லன்னா 'ஏய்'. கதவுக்கு வெட்டினப்பகூடத் திருப்பிச் சொல்லல. நம்ம வீட்டுப் பேருதானேன்னு விட்டுட்டேன்."

எழுத்துகளைத் தட்டினார். கம்ப்யூட்டர் திரையில் பெயர் வந்தது. விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கோமளம்."

முன்பின் தெரியாத ஒருவரின் பெயரைப் போல, தப்பாகிவிடக் கூடாதே என்ற கவனத்தோடு சொன்னார். அதில் கோபம் இருந்ததா என்று கூர்ந்து கேட்டேன். இல்லை. பழைய பெயராகவும் கேட்கவில்லை. அந்த வாயில் அது முதல்முறையாக வருகிறது. சரிதானா என்பதுபோல என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

ஆனால் பொத்தானை அழுத்தவில்லை.

"அவனை உள்ள வரச் சொல்லு. பலகை கேக்கறவன் அவன்தானே. அவனே வந்து சொல்லட்டும்."

கதவைத் திறந்து கையசைத்தேன். என் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, வாடிக்கையாளர்கள் நிற்கும் இடத்தில் நின்றார். மாமா நிமிரவில்லை. திரையைப் பார்த்தபடி, எல்லோரிடமும் கேட்பது போலக் கேட்டார்.

"என்ன பேரு?"

என் கணவர் என்னைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். இங்கே திறந்துவிட்டுக்கொள்ளக் குழாய் இல்லை. உதட்டை நனைத்துக்கொண்டு, அப்பாவின் குனிந்த தலையைப் பார்த்துச் சொன்னார். சற்று உரக்கவே சொன்னார்.

மெஷின் வெட்டத் தொடங்கியது.