பைனான்ஸ்காரி தோழரா?

என்னைக் கட்சியில் சேர்க்கலாமா கூடாதா என்று ஆரம்பாக்கம் கிளையில் மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் நிறைந்த கிளை அது. நானோ பைனான்ஸ் கம்பெனிக்குத் தவணை வசூலிக்கிறவள். கூட்டத்துக்கு டீ வாங்கி வரும்போது மட்டும் நான் தோழர்.

"நீ தொழிலாளியா, மொதலாளியோட கையாளா?" என்று கிளைச் செயலாளர் சடையன் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"காலைல ஆறு மணிக்குக் கெளம்பி ராத்திரி ஒம்பதுக்கு வூட்டுக்கு வர்றேண்ணா. டார்கெட் முடிக்கலன்னா சம்பளத்துல புடிக்கிறாங்க. அப்ப நான் இன்னா, மொதலாளியா?"

"மேல கேட்டுச் சொல்றோம் ஜமுனா."

போன வாரம், சங்கம் வைக்கலாம் என்று கூட வேலை செய்யும் நான்கு பேரிடம் பேசினேன். மறுநாளே மேனேஜர் என்னை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்.

இன்று சடையன் விண்ணப்பத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"சிக்கல் தீந்துச்சு. நீங்கதான் இப்ப பைனான்ஸ்ல இல்லியே. கையெழுத்து போடுங்க தோழர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் எந்தப் பக்கம்னு மேனேஜருக்கு ஒரே நாள்ல தெரிஞ்சுபோச்சுண்ணா. உங்களுக்குத்தான் மூணு மாசமா தெரியல!"