கமலாவதியின் நாக்கு

கொடிகாமத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில், நாற்பத்தொரு வீட்டுக்கும் குடிதண்ணீர் ஒரே கிணற்றிலிருந்துதான் போனது. மேலே நல்ல தண்ணீர், அடியில் உவர். மோட்டரை அளவுக்கு மீறி ஓடவிட்டால் உவர் மேலேறிவிடும். உப்பை அளக்கத் தண்ணீர்ச் சங்கம் வாங்கிய கருவி முதல் மாரி மழையிலேயே பழுதாகிவிட்டது. யாரும் கவலைப்படவில்லை, மோட்டர் போடும் கமலாவதியின் நாக்கு இருந்தது. மோட்டர் ஓடும்போது குழாயில் பிடித்து ஒரு மிடறு வாயில் விடுவாள். கொஞ்சம் கரித்தாலும் உடனே நிறுத்திவிடுவாள். பதினொரு வருடமாக அவள் பிழைவிட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, ஏன் இருக்கக்கூடாது?

அந்த நாக்குத்தான் வைகாசிக் காய்ச்சலோடு செத்துப்போனது. புளி தெரியவில்லை, உறைப்புத் தெரியவில்லை. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊர் தன்னை நம்பும் ஒரே காரியமும் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தாள்.

காய்ச்சல் விட்டு முதல்நாள் மோட்டரைப் போட்டுவிட்டு அவள் முழித்துக்கொண்டு நிற்க, புருஷன் தம்பிராசா வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்தார்.

“தண்ணி விடாய்க்குது” என்று ஒரு செம்பு குடித்தார். கொஞ்சம் நின்று இன்னொரு செம்பு. பிறகு, “இஞ்சாரும், காணும், நிப்பாட்டும். எனக்குப் பசிக்குது” என்றார்.

அடுத்த நாளும் வந்து தண்ணீர் குடித்தார். மோட்டர்ச் சத்தம் சரியில்லை என்றார். அதற்கடுத்த நாள் தண்ணீர்த் தாங்கி நிரம்பிவிட்டது என்றார். தோட்டத்தை விட்டுவிட்டு இந்த மனுசனுக்கு இங்கே என்ன வேலை என்று அவள் எரிந்து விழுந்தாள். ஆனாலும் அவர் சொன்ன நேரத்துக்கு நிறுத்தினாள்.

மூன்றாம் வாரம், கைக்குழந்தையோடு சுபாஜினி வழிமறித்தாள். “இந்தக் கோடையிலும் தண்ணி என்ன ருசி, அக்கா! உங்கடை நாக்கை நம்பித்தான் பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறன்.”

கமலாவதி குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். நாளைக்கே உண்மையைச் சொல்லி மோட்டர் அறைப் பூட்டின் திறப்பைச் சங்கத்திடம் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தாள்.

அன்று மத்தியானம் தம்பிராசாவுக்குச் சோறு போட்டுவிட்டுத் தானும் சாப்பிட உட்கார்ந்தாள். முதல் கவளத்திலேயே நாக்கு சுரீரென்றது. கத்தரிக்காய்க் கறி ஒரே உப்புக்கட்டி. எதிரே தம்பிராசா அதையே பேசாமல் பிசைந்து கொண்டிருந்தார்.

“இஞ்சாருங்கோ, மூண்டு கிழமையா இதையோ சாப்பிட்டனீங்கள்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “வந்திட்டுதோ?”

“தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் நீர் மோட்டர்ப் பக்கமே போகமாட்டீர்.”

அப்போதுதான் அவளுக்கு அந்தச் செம்புகள் ஞாபகம் வந்தன. “அப்ப, நீங்கள் தண்ணி விடாய்க்குது எண்டது...?”

“உம்மடை கறியைத் திண்டவனுக்கு விடாய்க்காதோ?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவருடைய சோற்றுக் கோப்பையை இழுத்தெடுத்துக் கறியைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் சமைக்க எழுந்தாள்.

அடுத்த நாள் மோட்டர் ஓடியபோது தம்பிராசா வரவில்லை. அவள் ஒரு மிடறு குடித்தாள், நல்ல தண்ணீர். பிறகு வேலியோரம் போய்த் தோட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ, விடாய்க்கேல்லையோ?”