காங்கோ ராணிக்குப் பேச வராது

மாண்ட்கமரி டிவி நிலையத்தில் சனிக்கிழமை காலை மல்யுத்தம் நேரடியாக ஒளிபரப்பாகும். எண்பத்திரண்டில் அதில் என் பெயர் காங்கோ ராணி. காங்கோ எந்தத் திசையில் இருக்கிறதென்று எங்கள் முதலாளி டேல் ஹக்கபிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வரலாறு படித்தவள், எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கிடைத்த வேலை என்னவோ புல்பாவாடை, பிளாஸ்டிக் எலும்பு மாலை, உறுமல். ராணிக்கு மனித பாஷை வராது. மேனேஜர் ஸ்லிம் என் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு எனக்காகப் பேசுவான்.

மேடைக்கு வெளியேயும் அதே கதை. சாப்பாட்டுக் கடையில்கூட விரலால் காட்டித்தான் வாங்க வேண்டும். ரசிகன் நம்புகிறான். கேமராவில் போனதைப் பொய் என்று சொன்னவனுக்கு இந்தத் தொழிலில் இடமில்லை, முதலாளியே ஆனாலும். இந்தச் சட்டம் தன்னையும் கட்டும் என்பது ஹக்கபிக்கு உறைக்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை கிண்ணத்தோடு உடைமாற்றும் அறைக்கு வந்தார். பச்சைக் கோழி ஈரல்.

"சண்டைக்கு முன்னாடி இதைத் தின்னணும், கண்ணு. ரத்தம் தாடையில வழியட்டும்."

"வறுத்துக் குடுங்க சார், தின்னுறேன்."

"காட்டுக்காரி எங்கடி வறுப்பா?"

"எங்கம்மா எங்க ஊரு யூஃபாலா கோழி ஆலையில இதை உருவிப் போட்டுத்தான் என்னைப் படிக்க வச்சா. இப்ப டிவி முன்னாடி உக்காந்திருப்பா."

"அப்ப அவளுக்குப் பழகின சரக்குதானே." சிரித்தார். "முடியாதுன்னா பாவாடையைக் கழட்டி வச்சுட்டுக் கிளம்பு."

அவர் போனதும், பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த லொரீன் நிமிர்ந்தாள். அவள்தான் சாம்பியன், வெள்ளைக்காரி, முன்பே முடிவானபடி அன்று என்னை ஜெயிக்க வேண்டியவள்.

"மூஞ்சியே சரியில்ல. என்னமோ பண்ணப்போற. பண்ணு. ஆனா கடைசியில எங்கிட்டத் தோத்துடு. சாம்பியன் பெல்ட் என் பொழைப்பு."

"தோப்பேன். அது தொழில்."

மேடையோரம் வர்ணனையாளர் ஹோமர் லாத்தம் ஸ்லிமிடம் மைக்கை நீட்டினார். "ராணி நாலு நாளாப் பட்டினி," என்று ஸ்லிம் கிண்ணத்தை என் வாய்க்குக் கொண்டுவந்தான். கிண்ணத்தை வாங்கி அவன் சட்டையிலேயே கவிழ்த்தேன். மைக்கைப் பறித்தேன்.

"என் பேரு ஒடெட் ப்ரூயிட். ஊரு யூஃபாலா. காங்கோவை நான் மேப்புலதான் பாத்திருக்கேன். லொரீன், பெல்ட்டுக்கு வந்திருக்கேன், என் சொந்தப் பேருல."

எங்கள் கறுப்பு ஆட்கள் உட்காரும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்: "சொல்லுடி தங்கச்சி, இன்னும் சொல்லு."

ஸ்லிம் சட்டையில் ஒட்டிய ஈரலைத் தட்டிவிட்டான். "நான்தாங்க இவளுக்குப் பேசக் கத்துக்குடுத்தேன்."

"காலேஜ் பட்டமும் நீதான் குடுத்தியா?" என்று மைக்கிலேயே கேட்டேன்.

முன்வரிசை வெள்ளைக்காரர்களே சிரித்துவிட்டார்கள். எல்லாம் வேஷம் என்று ஹக்கபி சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த வாரம் டிக்கெட் விற்காது. ஒரு அட்டையில் 'காங்கோ ராணி' என்று பெரிதாக எழுதி, கேமராவுக்குப் பின்னால் நின்று ஹோமரிடம் காட்டினார். அப்படியே கூப்பிடு என்று அர்த்தம்.

மைக்கை ஹோமரிடம் திருப்பிக் கொடுத்தேன். மணி அடித்தது. ஹோமர் அட்டையையும் வாசிக்கவில்லை, என் பெயரையும் சொல்லவில்லை. 'எதிராளி' என்றார், 'அந்தப் பெண்' என்றார். ஒவ்வொரு முறையும் என் கை கொஞ்சம் கனமாக இறங்கியது.

"முதலாளிக் கிழவன் மேல இருக்குற கோவத்தை என் முதுகுல காட்டாதடி," லொரீன் காதோரம் முனகினாள்.

பேசிவைத்தபடி என்னைத் தூக்கிப் போட்டு மேலே படுத்தாள். மூன்று எண்ணும்வரை தோள் தரையில் கிடந்தால் தோல்வி; நடுவர் இரண்டு வரை எண்ணினார். தோளை உயர்த்திவிட்டேன். மறுபடி அழுத்தினாள், மறுபடி உயர்த்தினேன்.

"என்னடி இது? நிகழ்ச்சி முடியப்போகுது."

"அவர் என் பேரைச் சொல்லட்டும்."

மூன்றாம் முறையும் எழுந்தேன். லொரீன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "ஹோமர், அவ பேரைச் சொல்லித் தொலையும், எனக்கு மூச்சு வாங்குது," என்றாள்.

ஹோமர் ஹக்கபியைப் பார்த்தார். அட்டை ஆடிக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒடெட் ப்ரூயிட். யூஃபாலாக்காரி. இன்னும் விழ மாட்டேங்குறா, மக்களே."

லொரீன் பாய்ந்தாள். இரண்டு தோளும் தரையில் பதியப் படுத்துக்கொடுத்தேன். நடுவர் மூன்று எண்ணினார். பின்வரிசை முழுக்க எழுந்து அவரைத் திட்டியது. அந்தச் சத்தத்துக்கு மேல் ஹோமர், யாரும் கேட்காமலே, தோற்றது ஒடெட் ப்ரூயிட் என்று இன்னொரு முறை சொன்னார்.