நானே சொல்றேனுங்க

துடியலூரில் திருமூர்த்தியின் அலுவலக மேசைமேல் அந்தப் புத்தகத்தை விரித்து, தான் எழுதிய பத்தியின்மேல் விரலை வைத்தாள் நிலோஃபர். கணவன் தாரிக்கோடு உக்கடத்தில் துணிக்கடை நடத்துகிறவள். சிறுவயது முதலே அவளுக்குப் பேச்சு திக்கும். திக்குகிறவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள திருமூர்த்தி நடத்திய இணையக் குழுமத்தில் பல வருடங்களாக எழுதிவந்தாள். விலை சொல்லப்போகும்போது தொண்டை அடைத்துக்கொள்வது, நிக்காஹ் அன்று சம்மதம் கேட்க வந்தவர்கள் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரும்வரை நின்றுகொண்டே இருந்தது எல்லாவற்றையும் அங்கேதான் இறக்கி வைத்தாள். அவற்றையும் மற்றவர்கள் எழுதியதையும் சேர்த்து, யாரையும் கேட்காமல் புத்தகமாக்கி, பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் விற்றுக்கொண்டிருந்தார் அவர். எழுதியவர்கள் பெயர் எதுவும் இல்லை. ஆனாலும் மகனுக்காக அதை வாங்கிவந்த நாத்தனார் இஸ்மத்துக்கு, நிக்காஹ் பக்கத்தைப் படித்ததுமே யாருடைய கதை என்று தெரிந்துபோயிற்று. நான் போய்ப் பேசுகிறேன் என்றான் தாரிக். அவள் வேண்டாமென்றுவிட்டாள்.

திருமூர்த்தி டீ வரவழைத்தார். குரலில் கோபமே இல்லை.

"அம்மணி, சேரும்போதே நிபந்தனைக்குச் சம்மதம்னு அமுத்தித்தானுங்க உள்ள வந்தீங்க. அங்க போட்டதெல்லாம் குழுமத்துக்குச் சொந்தமுங்க."

அந்த நிபந்தனைகளை அவள் வரிவரியாகப் படித்திருந்தாள். "அ... அதுல..." என்று தொடங்கினாள். அதில் தெளிவாக இல்லை என்கிறீர்கள், புரிகிறது என்று அவரே முடித்தார். மறுபடி வாயெடுத்தாள். எழுதியதற்குப் பணம் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். உதவுவதாகத்தான் நினைத்தார். எல்லோரும் அப்படித்தான். அடுத்தவர் முடித்துவைத்த வாக்கியங்களுக்குத் தலையாட்டியே பாதி வாழ்க்கை போயிருந்தது. இன்று அவள் கையை உயர்த்தினாள்.

"நா... நானே சொல்றேனுங்க."

பக்கத்து மேசைப் பெண் தட்டச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நிலோஃபர் அவசரப்படவில்லை.

"எழுதினது எழுதினவங்களுக்கே சொந்தம்னு உங்க நிபந்தனையிலயே இருக்குதுங்க. குழுமத்துல காட்டறதுக்குத்தான் நான் அனுமதி குடுத்தேன். வி..."

சொல் உதட்டுக்கு வந்து நின்றுவிட்டது. திருமூர்த்தியின் வாய் திறந்து, தானாகவே மூடிக்கொண்டது.

"விக்கறதுக்கு இல்லைங்க."

அவர் கைபேசியை எடுத்துத் தன் குழுமத்தின் நிபந்தனைகளைத் தானே படித்தார். திரையை மேலே நகர்த்தித் திரும்பவும் படித்தார். வக்கீலைக் கேட்க வேண்டும், அதுவரை ஒரு பிரதியும் வெளியே போகாது என்றார். அது போதாது, புத்தகத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும் என்றாள் அவள்.

"அத்தன பேர்த்தையுமுங்களா?"

"ஆமாங்க."

விற்பனைப் பக்கத்தை எடுத்துவிடும்படி பக்கத்து மேசைப் பெண்ணிடம் சைகை காட்டினார் அவர்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் டவுன் பஸ் கிடைத்தது. எங்கே போக வேண்டும் என்றார் கண்டக்டர். வழக்கமாக, வாயில் எளிதாக வரும் ஏதோவொரு நிறுத்தத்தைச் சொல்லி இறங்கி, மிச்ச தூரத்தை நடந்துவிடுவாள்.

"உ... உ..."

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்து, வேண்டாமென்று மெல்லத் தலையசைத்தாள். டிக்கெட் இயந்திரத்தின்மேல் விரலை வைத்தபடி, கூட்டம் பின்னால் நெருக்க, அவர் காத்து நின்றார்.