கீழ் நூல்

பயப்படுவதில் சீட் கவர் அக்காவை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆளே கிடையாது. லிஃப்ட் என்றால் பயம், நாய் என்றால் பயம். நாள் முழுக்க ஊசியோடு மாரடிக்கிறவள்தான், ஆனால் நர்ஸ் கையில் ஊசியைப் பார்த்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். கார், வேன், பஸ் என்று எல்லா வண்டிக்கும் சீட் உறை தைப்பாள். அதே வண்டியில் ஏறி உட்காரச் சொன்னால் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அவள் புருஷன் பஸ் டிரைவர். "என் பஸ்ல பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு பிரேக்கை மிதிக்கிற ஒரே ஆளு இவதான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அப்பேர்ப்பட்டவள் வயிற்றில் பிறந்த ஒரே மகள் கடலுக்குப் போகிறேன் என்று நின்றால் எப்படி இருக்கும்?

சும்மா கரையில் கால் நனைக்கிற சமாச்சாரம் இல்லை. மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அங்கே வேலை பார்க்கிற ஏழு பேர் சேர்ந்து ஒரு பாய்மரப் படகை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். பக்கத்து நாட்டுக்குச் சொந்தமான தீவுகளுக்குப் போய், ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். கூட்டிக்கொண்டு போகிறவர் அந்த ஏழு பேரில் ஒருவரான பல் டாக்டர். படகோட்ட முறையாகப் படித்துத் தேறியவர், அதனால் எல்லோருக்கும் அவர் 'கேப்டன்'.

"எனக்கு நல்லா நீச்சல் தெரியும்மா" என்றாள் மகள்.

"அது கடலுக்குத் தெரியுமாடி?"

அக்கா செய்து பார்க்காத வித்தை இல்லை. முதலில் நெஞ்சுவலி என்று கட்டிலில் சாய்ந்தாள். மகள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நெஞ்சு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது என்று அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அடுத்தது பாஸ்போர்ட். அது இல்லாமல் வேற்று நாட்டுத் தீவில் கால் வைக்க முடியாது என்று கேள்விப்பட்டதும், மகளுடைய பாஸ்போர்ட்டை எடுத்து சோபா மெத்தைக்குள் வைத்து, தைத்த இடம் தெரியாதபடி தைத்துவிட்டாள். வீடு தலைகீழானது. கடைசியில் அலுத்துப்போய் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்த மகளுக்கு அடியில் ஏதோ உறுத்த, வண்டவாளம் வெளியே வந்தது. அப்புறம் பட்டினி கிடந்தாள், கெட்ட கனவு கண்டதாகச் சொன்னாள். எல்லாவற்றையும் ஊரைக் கூட்டித்தான் செய்தாள். சத்தமில்லாமல் அழ அவளுக்குத் தெரியாது. மகளுக்கு வெறுத்துப்போய்விட்டது.

இதற்கு நடுவில்தான் கேப்டன் அக்காவின் கடைக்கு வந்தார். படகோடு வந்த பாதுகாப்பு வார்கள் எல்லாம் வெயிலில் இற்றுப்போயிருந்தன. வார் என்றால் கெட்டியான நாடா. ஒரு முனைக் கொக்கியை ஆள் மாட்டியிருக்கிற மார்புப் பட்டையிலும், மறு முனைக் கொக்கியைப் படகின் கம்பியிலும் மாட்டிக்கொள்ள வேண்டும். அலை ஆளைத் தூக்கி வெளியே எறிந்தாலும் அந்த வார் பிடித்து நிறுத்தும். புதிதாக வாங்கலாமென்றால் வெளியூரிலிருந்து வரவேண்டும், வந்து சேர மாதமாகும்.

"ஆன்ட்டி, நாடாவும் கொக்கியும் நான் தரேன். நீங்க தைச்சுக் குடுத்தா போதும்" என்றார்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால், இவள் தைக்காவிட்டால் வேறு எவனோ ஒரு கத்துக்குட்டி தைப்பான், அதில் தன் பிள்ளை தொங்குவாள் என்று நினைத்ததும் நாடாவைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஏழு வார் தைத்தாள். நாடாவைக் கொக்கியில் கோத்து மடக்கி, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினாள். வெயில் படாமல் இருக்கட்டும், பார்வைக்கும் லட்சணமாக இருக்கட்டும் என்று தையல் தெரியாதபடி மேலே ரெக்சின் துண்டு வைத்து மூடினாள். ஆளுக்கொரு நிறம். மகளுக்கு மஞ்சள். மகளுடையதை அவசரப்படாமல் தைக்க வேண்டும் என்று கடைசிக்கு வைத்துக்கொண்டாள். கேப்டன் வாங்கிப் பார்த்து அசந்துபோனார். அக்காவுக்கும் உச்சி குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

படகு மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும். அன்றைக்குக் காலையில் மகள் சாமான் ஏற்றத் துறைமுகத்துக்குப் போய்விட்டாள். அக்கா கடையைத் திறந்து, ஒரு வேன் சீட்டை எடுத்து வைத்து, பெரிய மிஷினின் அடியில் கை விட்டு, கீழ் நூல் சுற்றிய பாபினைக் கழற்றினாள். நூல் தீர்ந்திருந்தது. மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த நுனியை இழுத்தாள். விரலில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது.

மெல்லிய நூல். கறுப்பு. திரைச்சீலை மடிக்கிற பருத்தி நூல்.

பாபினைக் கையில் பிடித்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

வார்கள் தைத்துக்கொண்டிருந்த அன்றைக்கு எதிர்வீட்டு டீச்சர் ஒரு கறுப்புத் திரைச்சீலையைக் கொண்டுவந்து, "இதை மட்டும் ஓரம் மடிச்சுக் குடுத்துடுங்க, இப்பவே வேணும்" என்று பக்கத்திலேயே நின்றாள். சின்ன மிஷின் பழுதாகிக் கிடந்தது. சரி தொலையட்டும் என்று பெரிய மிஷினிலேயே ஊசியை மாற்றி, நூலை மாற்றி, ஓட்டிக் கொடுத்தாள். டீச்சர் போனதும் ஊசியைத் திரும்ப மாற்றினாள். மேல் நூலை மாற்றினாள். கீழ் நூலை மறந்துவிட்டாள். தையலில் மேல் நூல் ஒன்று, பாபினிலிருந்து வருகிற கீழ் நூல் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று பிடித்தால்தான் பிடி. மேலே கயிறு மாதிரி நூல் போட்டு என்ன பிரயோஜனம்? கீழ் நூல் சொத்தை என்றால் அத்தனையும் சொத்தை. அன்றைக்கு மிஷின் கொஞ்சம் இழுத்து இழுத்து ஓடியது. கிழட்டு மிஷின், அப்படித்தான் என்று திருகாணியைத் திருப்பி வைத்துவிட்டு ஓட்டினாள்.

பாபினில் அதே கறுப்பு நூலைச் சுற்றி, மிச்சமிருந்த நாடாவில் அதே மாதிரி ஒரு தையல் போட்டு, முனையை மேஜைக்காலில் மாட்டி இழுத்துப் பார்த்தாள். பொலபொலவென்று பிரிந்து வந்தது.

திரைச்சீலைக்கு முன்னால் தைத்தவை எவை, பின்னால் தைத்தவை எவை? நெற்றியில் அடித்துக்கொண்டு யோசித்தாலும் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் சத்தியமாகத் தெரிந்தது. மஞ்சள் கடைசி.

போன் போட்டாள். "அம்மா, இன்னைக்கு என்ன? நெஞ்சுவலியா, கனவா?" என்றாள் மகள்.

"இல்லடி, அந்த வாரு... தையல் சரியில்லடி..."

"நேத்து வரைக்கும் யானையைக் கட்டலாம்னு சொன்னே. போதும்மா, விடு." வைத்துவிட்டாள். அதற்கப்புறம் எத்தனை தடவை போட்டாலும் எடுக்கவில்லை. புருஷன் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார், அவரும் எடுக்க மாட்டார்.

அக்கா கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு, கடையைப் பூட்டினாளா இல்லையா என்றுகூடத் தெரியாமல் ஓடினாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கவில்லை. அன்றைக்கு அதற்குப் பயப்படக்கூட அவளுக்கு நேரமில்லை.

படகுக்கும் துறைக்கும் நடுவே ஒரே ஒரு பலகை. கைப்பிடி கிடையாது. கீழே பச்சைத் தண்ணீர் பலகையோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. படகில் பாட்டுப் போட்டுத் தண்ணீர்க் குடங்களையும் படுக்கை உறைகளையும் உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வார்கள் ஏழும் கம்பியில் வரிசையாக மாட்டியிருந்தன, அழகாக.

கூப்பிட்டாள். தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. வேறு வழியில்லாமல் பலகையில் காலை வைத்தாள். அது ஆடியது. உட்கார்ந்துவிட்டாள். அப்படியே உட்கார்ந்த வாக்கில், இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, அரை அரை அடியாக நகர்ந்து படகுக்குள் வந்து விழுந்தாள்.

"ஐயோ ஆன்ட்டி! நீங்களும் வரீங்களா?" என்று யாரோ சிரித்தார்கள். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, இங்க வந்து மானத்தை வாங்காதே. கிளம்பு."

அக்கா வார்களைக் காட்டினாள். "அறுந்துடும்" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

கேப்டன் நல்ல மனுஷன்தான். "ஆன்ட்டி, உங்க பயம் எனக்குப் புரியுது. நானே இழுத்துப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல. கிளம்புறதுக்கு முந்தின நாள் நல்லா இருக்கிறதைப் போய் அறுந்துடும்னு சொன்னா எப்படி?" கையால் இழுப்பது வேறு, அலையில் ஒரு ஆள் போய் விழுகிற வேகம் வேறு. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கையை நீட்டியபடி நின்றாள்.

மகள் தோளைப் பிடித்துப் பலகைப் பக்கம் திருப்பப் போனாள். பிடித்த கை அப்படியே நின்றது. அம்மாவின் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. நடிக்கும்போது அம்மா இப்படியா இருப்பாள்? நெஞ்சுவலி வந்த அன்று மூன்று வீட்டுக்குக் கேட்கக் கத்தினாளே. பட்டினி கிடந்தபோது பாத்திரத்தையெல்லாம் உருட்டினாளே. இப்போது உதடு வெளுத்து, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல், சத்தமே இல்லாமல் நிற்கிறாள். அதுவும் லிஃப்டில் ஏறாத அம்மா, படகில் நிற்கிறாள்.

"அம்மா," என்றாள் மகள், குரல் இறங்கி. "நிஜமாவா?"

அக்கா தலையாட்டினாள்.

மகள் அம்மாவின் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, மஞ்சள் வாரைக் கழற்றி, ரெக்சினை வெட்டி உரித்தாள். ஒரு கொக்கியைக் கம்பியில் மாட்டினாள். மறு முனையைத் தானும் கேப்டனுமாகப் பிடித்து, காலை உதைத்துக்கொண்டு வெடுக்கென்று இழுத்தார்கள். இரண்டு பேரும் பின்னால் போய் மல்லாக்க விழுந்தார்கள். நாடா அவர்கள் கையில் இருந்தது. கொக்கி மட்டும் தனியாகக் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

யாரோ பாட்டை நிறுத்தினார்கள். அவரவர் தங்கள் நிற வாரை ஒருதரம் பார்த்துக்கொண்டார்கள்.

"தப்பு என்னோடதுதான்" என்றாள் அக்கா. இப்போதுதான் வாய் வந்தது. "கீழ் நூலை மாத்த மறந்துட்டேன். கால்ல வேணா விழறேன்."

"அதெல்லாம் விடுங்க ஆன்ட்டி." கேப்டன் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "ஏழையும் பிரிச்சு இன்னைக்கே திரும்பத் தைக்க முடியுமா? படகு இந்த வாரம் மட்டும்தான் நம்மகிட்ட இருக்கு. இது இல்லாம நான் யாரையும் கூட்டிட்டுப் போக மாட்டேன். முடியாதுன்னா சொல்லுங்க, பயணத்தை விட்டுடலாம். யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டோம்."

பாருங்கள் வேடிக்கையை. நெஞ்சுவலியால் ஆகாதது, பாஸ்போர்ட்டைத் தைத்து ஆகாதது, பட்டினியால் ஆகாதது, தானாக வந்து மடியில் விழுந்தது. முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் வீட்டில் இருப்பாள், எக்ஸ்ரே எடுப்பாள், சாயங்காலம் வந்து சாப்பிடுவாள். மிஷின் கிழடு, நாள் போதாது என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்?

மகள் அவளைப் பார்த்தாள். போகவிடு என்றும் கேட்கவில்லை, கோபமும் இல்லை. அம்மா எதைச் சொன்னாலும் இந்தத் தடவை நம்பத் தயாராக இருக்கிற முகம். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அக்காவுக்கு மனசு வரவில்லை. பாழாய்ப்போன மனசு.

"முடியும்" என்றாள். "யாராவது என்னை அந்தப் பலகையைத் தாண்ட வையுங்க."

கடையில் ஏழையும் பிரித்துப் போட்டு உட்கார்ந்தாள். பாபினை மகளே சுற்றினாள். ஒவ்வொரு வாருக்கும் முன்னால் அம்மா அதைக் கழற்றிக் காட்ட, மகள் நூலைப் பல்லில் கடித்து இழுத்துப் பார்த்துத் தலையாட்டினாள். மிஷின் ஓடும்போது மட்டும் அக்காவின் கை நடுங்கவில்லை. நிறுத்தினால் உடனே நடுங்கியது. அதனால் நிறுத்தாமல் தைத்தாள். இந்தத் தடவை ரெக்சின் போடவில்லை. தையல் எல்லோர் கண்ணுக்கும் தெரியட்டும் என்றாள்.

தைத்து முடித்ததும் மார்புப் பட்டையைத் தானே மாட்டிக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, சீட்டுகள் தொங்கவிடுகிற இரும்பு உத்தரத்தில் முதல் வாரைக் கோத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து குதித்தாள். உத்தரம் முனகியது. வார் தாங்கியது. பஸ் வேலை முடிந்து அப்போதுதான் வந்த புருஷன் வாசலில் நின்று வாயைப் பிளந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "உன்னைத் தாங்கிடுச்சுன்னா கவலையை விடு, அந்தப் படகையே கட்டித் தூக்கலாம்" என்றார். சொல்லிவிட்டுத் தானே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். நீலம், பச்சை, சிவப்பு என்று பழைய ரெக்சின் துண்டை அடையாளத்துக்குக் கட்டி, ஒவ்வொன்றாகக் குதித்தாள். ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பயத்தில் வியர்த்து ஊற்ற ஊற்றக் குதித்தாள். ஒன்றும் அறுந்துபோகவில்லை.

கடைசியாக மஞ்சள். குதித்தாள். தாங்கியது.

"அவ்வளவுதான்மா, இறங்கு. நான் துணி எடுத்து வைக்கணும்" என்றாள் மகள்.

அக்கா இறங்கவில்லை. கால் தரையைத் தொடாமல், இரண்டு கையாலும் அந்த வாரைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். புருஷன் ஸ்டூலைக் காலுக்கு அடியில் தள்ளினார். அவள் காலை மடக்கிக்கொண்டாள்.

"அம்மா, தாங்குதும்மா. பார்த்தாச்சு. இறங்கும்மா."

"தெரியுதுடி" என்றாள் அக்கா. "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு இறங்கறேன்."