இரண்டாவது வரிசை, மூன்றாவது பெயர்

பூங்காக்காரிக்கு அன்று காலையிலிருந்தே இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, சுவரைச் சோதிக்க இன்ஜினியர் வேறு வந்து நின்றார்.

ஆலையில் கொதிகலன் வெடித்துச் செத்துப்போன நாற்பத்தோரு பேரின் பெயர்களைச் செதுக்கிய சுண்ணாம்புக்கல் சுவர் அது. பூங்காவைப் பெருக்குவதும் சுவரைக் கழுவுவதும் இருபத்திரண்டு வருடங்களாக அவள் வேலை. இரண்டாவது வரிசையில் மூன்றாவது பெயர் அவளுடைய அண்ணன்.

"கீழ் வரிசையெல்லாம் மழை அரிச்சிருக்கு. ஆலைப் புகை மழையில கலந்து அமிலமா இறங்குது. சுண்ணாம்புக்கல்லு கரையாம என்ன பண்ணும்?" என்றார் இன்ஜினியர்.

"அந்தப் பாழாப்போன புகைதான் சார்!" அவளுக்கு இடுப்பு வலியே மறந்துபோனது. ஆளைக் கொன்றது பத்தாமல் பேரையும் தின்கிறதே என்று அந்தப் புகைபோக்கியை அவள் திட்டாத நாளில்லை.

அவர் மேல் வரிசைகளை அண்ணாந்து பார்த்தார். "இங்க மேல கல் கூரை இருக்கு, மழை படாது. புகைக்குக் கல்லு மேல கறுப்பா பொருக்கு தட்டியிருக்கு. எழுத்து அப்படியே இருக்கு. ஆனா இந்த ஒரு பேரு மட்டும் ஏன் மழுங்கிப்போச்சு?"

"கறுப்பா இருந்துச்சுன்னு கம்பி பிரஷ்ஷால தேய்ப்பேன் சார். வாரா வாரம்."

"ஐயையோ, அது வெறும் அழுக்கு இல்லம்மா. கல்லோட மேல்தோலே அப்படி மாறியிருக்கு. அதைத் தேய்ச்சா எழுத்தும் கூடவே வந்துடும்."

அது யார் பெயர் என்று அவருக்குத் தெரியாது. குறித்துக்கொண்டு போய்விட்டார்.

மற்ற நாற்பது பெயர்களுக்கும் அவள் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியதோடு சரி. ஊரார் பெயர்தானே! சொந்த அண்ணனுக்குத்தான் வீட்டிலிருந்து பிரஷ் கொண்டுவந்து தனிக் கவனிப்பு. கண்ணுக்கு எழுத்து நிழல்போலத் தெரிந்துகொண்டிருந்ததால் இத்தனை நாள் உறைக்கவில்லை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள். விரலில் ஒன்றும் படவில்லை. அழலாம் என்று தோன்றியது. அதற்குக்கூடத் தெம்பில்லை.

இன்றைக்குத்தான் அண்ணனின் நினைவு நாள். நாலு மணிக்கு அண்ணி வந்துவிடுவாள். சர்க்கரை வியாதியில் அண்ணிக்குக் கண் போய் ஐந்து வருடமாகிறது. போட்டோவைப் பார்க்க வழியில்லை. வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு பஸ் மாறி வந்து, இந்தப் பெயரைத் தடவிவிட்டுப் போவாள். அவளுக்கென்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

அண்ணி வந்தாள். பூங்காக்காரி அவள் கையைப் பிடித்து, மூன்றாவது பெயரைத் தாண்டி நாலாவது பெயரின் மேல் வைத்தாள். யாரோ லாரி டிரைவரின் பெயர். கறுத்து, கத்தி முனைபோலக் கூராக இருந்தது.

"நல்லா தேச்சு வெச்சிருக்கேன் அண்ணி. தொட்டுப் பாருங்க." வருடா வருடம் சொல்வதுதான்.

அண்ணியின் விரல் பாதியில் நின்றது.

"மூணு வருஷமா தட்டுப்படாத எழுத்து, இன்னிக்கு மட்டும் எப்படிம்மா முளைச்சுது?"

பூங்காக்காரி பிடித்திருந்த கையை விட்டாள். "மூணு வருஷமா தெரியுமா? ஏன் அண்ணி சொல்லல?"

"நீ ஆசை ஆசையா தேச்சேன் தேச்சேன்னு சொல்லுவ. எப்படிச் சொல்றது?"

"மழைதான் அண்ணி..." என்று ஆரம்பித்தவளுக்கு மேலே பொய் வரவில்லை. "மழையில்ல. நான்தான்."

"அதான் தெரியுமே. சுத்தி இருக்குற எல்லாரோட பேரும் கைக்குத் தெரியுது, நீ தேய்க்கிற பேரு மட்டும் தெரியல. இதுக்கு யாராவது வந்து சொல்லணுமா?" அண்ணி கையைப் பக்கத்துக்கு நகர்த்தி, எதுவுமில்லாத அந்த இடத்தின் மேல் வைத்துக்கொண்டாள். "போதும் விடு. கையை நோகடிச்சுக்காத."

அண்ணியைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியவள் வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். வாளியைக் கவிழ்த்து வைத்தாள். பிரஷ்ஷைத்தான் எங்கே வைப்பதென்று தெரியாமல், கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள்.