சாயங்கால மருந்து

நல்ல கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று மலையாளி டாக்டர் ஜிபின் சொன்னதும் நீலகண்டனுக்குப் பரீட்சையில் தேறிய பையன் மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி சூடாமணியை ஒரு பார்வை பார்த்தார். நான் சொன்னேனா இல்லையா என்கிற பார்வை. ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை.

"பக்ஷே அங்கிள், ட்ரைகிளிசரைட் ரொம்ப கூடுதல். கல்லீரல்லயும் கொழுப்பு. ஒரு நாளைக்கு எத்ர குடிக்கறீங்க?"

"ஒரு அவுன்ஸ் பிராந்தியாக்கும். இவதான் அளந்து தரா. அதுக்கு மேல ஒரு சொட்டு விழாது, கேட்டேளா?"

சூடாமணி கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் குடியிருந்த கோட்டைப் பகுதிக்குள் காலை நடை போகிற கூட்டத்தில் யாரோ கிளப்பிவிட்ட பேச்சு அது. கொஞ்சமாகக் குடித்தால் நல்ல கொலஸ்ட்ரால் ஏறுமாம், இதயத்துக்கு நல்லதாம். வெங்காயத்தையே யோசித்து யோசித்து உள்ளே விட்ட அக்ரகாரத்து வீடு. முதலில் ருத்ரதாண்டவம் ஆடியவள்தான் சூடாமணி. பிறகு, மருந்தென்றால் மருந்து மாதிரியே இருக்கட்டும் என்று இறங்கி வந்தாள். பாட்டில் கொல்லைப்புற அலமாரியில், ஆயுர்வேத அரிஷ்டம் அளக்கிற அவுன்ஸ் கிளாஸோடு. அடுக்களைப் பாத்திரங்களோடு சேரக் கூடாது, ஏகாதசியில் கிடையாது, அவர் கை படவே கூடாது. விளக்கேற்றியதும் அவளே அளந்து கொண்டுவந்து கொடுப்பாள்.

அவள் எதிர்பாராத ஒன்று நடந்தது. கல்யாணமான நாள் முதல் "சாதம் போடு", "குடை எங்கே" என்பதற்கு மேல் வாயைத் திறக்காத மனுஷர் பேச ஆரம்பித்தார். ஆபீசில் பட்ட அவமானம், செத்துப்போன தம்பி, பெண் பார்க்க வந்த அன்று அவள் கட்டியிருந்த மாம்பழக் கலர் புடவை. அதையெல்லாமா இந்த மனுஷர் ஞாபகம் வைத்திருந்தார் என்று அவளுக்கு அன்று தூக்கமே வரவில்லை. மறுநாள் கை கொஞ்சம் தாராளமாயிற்று. பேச்சு நீண்டது. நாளாக ஆக, அளவு கிளாஸ் பேருக்குத்தான் இருந்தது.

"ஒரு அவுன்ஸுக்கு இப்படி வராதே," என்றார் டாக்டர். "ஹார்ட்டுக்கு நல்லதுன்னு சொல்லி யாரும் குடிக்கத் தொடங்க வேண்டா. இனி முழுசா நிர்த்தணும். ஆண்ட்டி, சத்யம் பறயணும். அங்கிள் வெளியில எங்கயாவது குடிக்கறாரா?"

பழி அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. சும்மா இருந்தால் தப்பித்துவிடலாம். ஆனால் பொய்க் கணக்கை வைத்து வைத்தியம் பார்த்தால் யார் உயிருக்கு ஆபத்து?

"அவர்மேல தப்பில்லை டாக்டர். ரெண்டு அவுன்ஸ், சில நாள் மூணு. நான்தான் விட்டேன்."

ஆட்டோவில் ஏசுவார் என்று காத்திருந்தாள். கிழக்கேகோட்டை நெரிசலில் வண்டி நின்றபோது, வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"நேக்கு மொதல்லயே தெரியும்டீ. நான் பேசினா நீ கூடுதலா விடுவேன்னு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியென்றால் அந்தத் தம்பி கதை, அந்தப் புடவை? எல்லாம் அந்தக் கூடுதல் சொட்டுக்காகத்தானா?

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைக் கொல்லைச் சாக்கடையில் கவிழ்த்தாள். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, ஜன்னலோரம் தெருவைப் பார்த்தபடி இருந்த அவருக்கு எதிரே வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். வெறும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். ஏதாவது பேசுங்களேன் என்று மனசு கெஞ்சியது. திட்டினால்கூடப் போதும். அவர் தொண்டையைச் செருமினார். அவள் நிமிர்ந்தாள்.

காதோரம் வந்த கொசுவைக் கையால் விரட்டிவிட்டு, அவர் மறுபடியும் தெருவைப் பார்க்கத் திரும்பினார்.